எலி ஆபீஸ் பேச்சாயி

எலி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தபோது பேச்சாயிக்கு எலியைக் கண்டு பயம் கிடையாது. வடமதுரைப் பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கி வளர்ந்தவள். வரப்பு வளைக்குள் கையை விட்டு எலியை வாலோடு இழுத்துப் போட்டவளுக்கு, பெட்டிக்குள் அடைத்த சுண்டெலி எம்மாத்திரம்? பயமெல்லாம் பின்னால்தான் வந்தது. வந்த பயமும் எலியைப் பற்றியது இல்லை.

திண்டுக்கல்லில் மதுரை ரோட்டோரம் ஆளில்லாமல் கிடந்த தோல் கிட்டங்கிக் கட்டடம் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கம்பிவலை போட்டு, 'உணவு ஆராய்ச்சிக் கூடம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையை யார் படித்தது? ஊருக்கு அது எலி ஆபீஸ். ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. கப்பலில் எலி வந்து இறங்குகிறதாம், அதற்குக் கண்ணாடிச் சீசாவில் தண்ணீராம், மரத்தூளில் மெத்தையாம் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சிரித்தார்கள். நம்ம ஊரில் இல்லாத எலியா, இதைச் சீமையிலிருந்து கொண்டுவரணுமா என்று கேட்காத வாய் இல்லை.

பேச்சாயிக்குச் சிரிக்க நேரமில்லை. கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் நல்லுசாமி போன பிறகு, மகள் சண்முகவள்ளியையும் மகன் பொன்னழகையும் தம்பி ஒச்சப்பனையும் இழுத்துக்கொண்டு டவுனுக்கு வந்தவள். தம்பி என்று பேர்தான், அவனும் அவளுக்கு ஒரு பிள்ளை. அம்மா சிவனம்மாள் செத்தபோது ஒச்சப்பனுக்கு மீசை முளைக்கவில்லை. சோறாக்கிப் போட்டு ஆளாக்கியது இவள். பூட்டுப் பட்டறையில் அவனுக்கு வேலை நிலைத்ததும் சண்முகவள்ளியை அவனுக்கே கட்டிக்கொடுத்தாள். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியே மாப்பிள்ளை தேடுவார்களா? சொந்தபந்தமெல்லாம் மெச்சிய கல்யாணம். மகளும் கண்ணெதிரே இருக்கிறாள், தம்பியும் கையை விட்டுப் போகவில்லை என்று பேச்சாயிக்கு அப்படியொரு நிம்மதி.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. சண்முகவள்ளிக்குத் தலைப்பிள்ளை செத்துப் பிறந்தது. அடுத்ததும் அப்படியே. குறைப்பிள்ளை என்றாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டும் மாசம் நிறைந்து, கன்னம் உப்பி, கைகால் மடிப்பு மடிப்பாக, கொழுகொழுவென்று இருந்தன. உயிர்தான் இல்லை. "இம்புட்டு லெட்சணமான பிள்ளைக்கு யாரு கண்ணு வச்சாகளோ" என்று மருத்துவச்சி முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள். இப்போது சண்முகவள்ளி மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையாவது வீறிட்டு அழுதபடி வந்து விழவேண்டும். கோட்டை மாரியம்மன் வாசலில் நின்று பேச்சாயி வேறு எதையும் கேட்டதில்லை.

எலி ஆபீசுக்குத் தலைவர் டாக்டர் சூசைமாணிக்கம். அந்நிய ஆள் இல்லை, அவருடைய அப்பா ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் போட்டவர்தான். இவர் வைத்தியப் படிப்பை முடித்து, சீமைக்குப் போய் அதற்கு மேலும் ஏதோ படித்துவிட்டு வந்திருந்தார். கோபம் வந்தால் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைப்பார். கண்ணாடி கழன்றதென்றால் பேச்சாயி நாலடி தள்ளி நின்றுகொள்வாள்.

கூடத்தின் வடக்குச் சுவரோரம் கறுப்பு எலிகள், தெற்குச் சுவரோரம் வெள்ளை எலிகள். இரண்டுக்கும் ஒரே தீனி. கோதுமை மாவு, பால் பவுடர், சீனி, கைநிறைய டால்டா. எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பது பேச்சாயி. அந்த வாசனைக்கு நமக்கே வாயூறும். கொஞ்ச நாள் போனது. கறுப்பு எலிகள் ஊத ஆரம்பித்தன. கழுத்து எங்கே, வயிறு எங்கே என்று தெரியாமல், மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம், படுத்தால் படுத்த இடம். வெள்ளைகளோ அதே உருண்டையைத் தின்றுவிட்டுக் கம்பியில் தொங்கி வித்தை காட்டின.

"என்னங்கய்யா இது? வெள்ளை சரியாத் திங்கலையோ?"

"நல்லாத்தான் திங்குது. நிறுத்துப் பாத்தாச்சு."

"பெறகு எப்படி?"

"தீனி ஒண்ணுதான் பேச்சாயி. வாங்குற உடம்பு வேற. அதோட பிறவி அப்படி. அதைக் கண்டுபிடிக்கத்தான் இம்புட்டுப் பாடும்."

ஊதிப்போன கறுப்பு எலிகளில் சிலவற்றின் மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, நீல நிறத் தண்ணீரில் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்கவைப்பார் டாக்டர். ஒன்றிரண்டுக்கு அந்த நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நிற்கும். "சர்க்கரை" என்பார். அந்தச் சொல் பேச்சாயிக்குப் புதிதில்லை.

அவள் அம்மா சிவனம்மாள் பருத்த உடம்புக்காரி. காலில் முள் குத்தின புண் ஆறாமல், விரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறி, நாற்றத்தோடு போய்ச் சேர்ந்தாள். சர்க்கரை வியாதி என்று கடைசியில்தான் சொன்னார்கள். அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்ததைப் பேச்சாயி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அம்மாவின் உடம்புவாகுதான் ஒச்சப்பனுக்கு. சண்முகவள்ளிக்கும் அச்சு அசல் அதே. பொன்னழகு மட்டும் அப்பனைக்கொண்டு பிறந்தவன். ஒரே பானைச் சோறு, ஒரே சட்டி வெஞ்சனம். அக்கா ஒரு கை தின்றால் இரண்டு சுற்றுப் பெருப்பாள், இவன் பானையையே கவிழ்த்தாலும் கொத்தவரங்காயாகத்தான் இருப்பான். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் மாறி மாறிப் பார்த்த பேச்சாயிக்கு, தன் வீட்டையே பெட்டியில் அடைத்து வைத்த மாதிரி இருந்தது. அந்த நினைப்பை உதறிவிட்டு மரத்தூளை அள்ளினாள்.

வினை வேறு வழியில் வந்தது. எலிகளை ஜோடி சேர்க்கிற வேலையைப் பார்த்த உதவியாளர் வேலை மாறி மதராசுக்குப் போய்விட்டார். டாக்டர் பேச்சாயியைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியைத் திறந்தார்.

"இதுல இருக்குறது எல்லாம் ஒரே ஈத்து. ஒரு ஆணு, ஒரு பொண்ணு எடுத்துத் தனியா விடணும். எல்லாப் பெட்டியிலயும் இப்படித்தான். பெட்டி மாறக் கூடாது."

பேச்சாயி கையை நீட்டவில்லை. "அய்யா, இதுக அண்ணன் தங்கச்சியில்ல?"

"ஆமா."

"முறை தப்பாதுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எலிக்கு ஏதும்மா முறை? தலைமுறை தலைமுறையா இப்படிச் சேத்தாத்தான் எல்லாம் ஒரே அச்சா இருக்கும். ஒண்ணுக்கொண்ணு வேறயா இருந்தா, ஊதுனது தீனியாலயா பிறவியாலயான்னு நான் எதை வச்சுச் சொல்லுவேன்?"

எலிக்கு முறை இல்லைதான். சேர்த்துவிடுகிற கை மனுஷக் கையாயிற்றே! பேச்சாயி கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்தா மாரியாத்தா, இது என் சோலி, எம் பாவம் இல்ல" என்று முணுமுணுத்தபடி சேர்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் மகள் பக்கம் போகவில்லை.

மனசுக்குள் வைத்திருந்தாலாவது கொஞ்ச நாளில் மறந்திருப்பாள். குழாயடியில் பக்கத்து வீட்டு ஜக்கம்மாளிடம் உளறிவிட்டாள். ஜக்கம்மாள் குடத்தைத் தரையில் வைத்தே விட்டாள்.

"அடி பாதகத்தி! அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நீயே பாய் விரிக்கிறியா? வீட்டுல வாயும் வயிறுமா ஒரு மகளை வச்சுக்கிட்டு? ரெண்டைக் குடுத்தது பத்தாதா ஒனக்கு?"

"எலிதான ஜக்கம்மா..."

"எலியா இருந்தா என்ன, யானையா இருந்தா என்ன? பாவம் ஆளைப் பாத்தா வரும்? சேத்த கையைத்தான் பாக்கும்."

அதற்கப்புறம் பேச்சாயிக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் தங்கையாகச் சேர்த்த வெள்ளை எலிகள் குட்டி போட்டன. காலையில் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் விறைத்துக் கிடந்தன. ஒரு தாய் எலி தன் குட்டியையே கடித்துத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த வெள்ளை வம்சத்தில் இது வழக்கம்தான் என்று டாக்டர் செத்ததை எடுத்து எறியச் சொன்னார். பேச்சாயி எறிந்தாள். வீட்டுக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த சண்முகவள்ளியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு உதை விழுந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

டாக்டர் ஏதோ கூட்டத்துக்கு மதராஸ் புறப்பட்டார். போகும்போது, "வயசுக்கு வந்த எலிகளை ஜோடி சேத்து வை, நான் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சாயி கூடத்தின் நடுவில் நின்று யோசித்தாள். வெள்ளை அம்புட்டும் ஒரே கொடி, ஒன்றுக்கொன்று பங்காளி. கறுப்பு அம்புட்டும் அதே மாதிரி. பங்காளிக்குள் பெண் கொடுக்கமுடியாது. ஆனால் கறுப்புக்கும் வெள்ளைக்கும்? இது அண்ணன் தங்கை உறவில்லை. இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று மாமன் மச்சான் ஆகலாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் யார் வாயும் பேசமுடியாது. பயத்தில் இருப்பவளுக்கு வந்த யோசனை அது, அவளுக்கு அது கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது.

வெள்ளைப் பெண்களைக் கறுப்பு மாப்பிள்ளைகளோடும், கறுப்புப் பெண்களை வெள்ளை மாப்பிள்ளைகளோடும் விட்டாள். மனசு ஆறாமல் ஒவ்வொரு பெட்டி மூடியிலும் துளி மஞ்சள்கூடத் தடவினாள். டாக்டர் வருவதற்கு முன்னால் மாப்பிள்ளைகளை அவரவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மூடியையும் துடைத்துவிட்டாள். இனிமேல் ஒன்றும் ஆகாது என்று அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அட, அந்தச் சந்தோஷம் குட்டி போடும்வரைதான்!

எலிக்குட்டி பிறக்கும்போது கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. சிவந்த விரல்நுனி மாதிரி இருக்கும். கண்ணும் மூடியிருக்கும். ஆனால் வெள்ளை வம்சத்துக் குட்டிக்கு அந்த மூடிய இமைக்குக் கீழே நிறமே இருக்காது. பேச்சாயி வெள்ளைத் தாய் ஒன்றின் பஞ்சை விலக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு குட்டிக்கும் இமைக்குள்ளே கடுகு வைத்த மாதிரிக் கறுப்புப் புள்ளி. அடுத்த பெட்டியிலும் அப்படியே. கறுப்புத் தாய்களின் பக்கம் எந்தச் சிக்கலும் இல்லை, அங்கே எது பிறந்தாலும் கறுப்பு. வெள்ளைத் தாய் கறுப்புக் குட்டி போட்டால் குருடனுக்கும் தெரிந்துவிடுமே! வேலை போகும், போகட்டும். கப்பலில் வந்ததைக் கெடுத்தாய் என்று போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டால், பிரசவத்துக்கு நிற்கிற மகளை யார் பார்ப்பது?

டாக்டர் வருகிறபோதெல்லாம் பஞ்சை இழுத்து மூடினாள். "குட்டி போட்ட வெதுவெதுப்பு அய்யா, தொறந்தா செத்துரும்" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். குட்டிகளின் தோலில் சாம்பல் ஏறியது. அந்தச் சாம்பல் கறுப்பாகிவிட்டால் பஞ்சு போட்டு மூடமுடியாது. ஒரு காலை நேரம், அவர் வருவதற்கு முன்பே பினாயில் வாளியைப் பெட்டிப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போட்டால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். குட்டிகளை உள்ளங்கையில் அள்ளினாள். சூடாக இருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை, எல்லாம் கையை முட்டி முட்டிப் பால் தேடின. மகள் வயிற்றில் விழுந்த உதை நினைவுக்கு வந்தது. அப்படியே நின்றாள்.

"என்ன செய்யிற?"

வாசலில் டாக்டர் நின்றார். பக்கத்தில் வந்தார். வாளியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். அப்புறம் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாயைப் பார்த்தார். கண்ணாடி கழன்றது. இந்தத் தடவை பேச்சாயி நாலடி தள்ளி நிற்கவில்லை, காலில் விழுந்தாள்.

"அய்யா, தெரியாமச் செஞ்சுட்டேன். அண்ணன் தங்கச்சியச் சேத்தா அந்தப் பாவம் எம் மக வயித்துல விடியும்னு சொன்னாக. ரெண்டு பிள்ளையைத் தூக்கிக் குடுத்தவ அய்யா அவ. மூணாவது நிக்கிது. அந்த உசிருக்காகத்தான் கறுப்பு வெள்ளைன்னு மாத்தி, அசல்ல குடுத்தேன். என்னைய என்ன வேணாலும் செய்யுங்க, போலீசுக்கு மட்டும் போயிறாதீக."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "எத்தனை மாச வேலை தெரியுமா?" என்று கடைசியில் கேட்டார். குரல் உயரவில்லை. அடுத்த ஈத்துக்கு மறுபடி அதனதன் வம்சத்திலேயே சேர்த்துவிடலாம், மூலம் கெடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எந்திரி. ரெண்டு பிள்ளை செத்துச்சுன்னியே, எப்படி இருந்துச்சு?"

"நல்லாக் கொழுகொழுன்னு இருந்துச்சுங்கய்யா. பாத்தவுக அம்புட்டுப் பேரும் ஆறு மாசப் பிள்ளையாட்டம் இருக்குன்னாக."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க அம்மா எப்படிச் செத்தாங்க?"

சொன்னாள்.

"மாப்பிள்ளை யாரு?"

"எங்கூடப் பிறந்த தம்பிதான்யா. ஒச்சப்பன்."

அவர் வடக்குச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆத்தா பக்கமும் அதே ரத்தம், புருசன் பக்கமும் அதே ரத்தம்" என்றார்.

"நாங்க முறை தப்பலையேய்யா!" பேச்சாயிக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "தாய்மாமன்யா அவன். உரிமைப்பட்டவன்."

"முறையைப் பத்தி நான் பேசலைம்மா. முறைக்குத் தெரியாத ஒண்ணு ரத்தத்துல இருக்கு. நாளைக்கு உம் மகளோட மூத்திரத்தை ஒரு சீசாவுல பிடிச்சுக்கிட்டு வா."

மறுநாள் நீலத் தண்ணீரில் அதை விட்டு விளக்கில் காட்டினார். பேச்சாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீலமாகவே இரு, ஆத்தா, நீலமாகவே இரு என்று வாய் முணுமுணுத்தது. அது பச்சையானது. மஞ்சளானது. கொதித்துக் கொதித்துச் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. ஊதிப்போன கறுப்பு எலிக்கு வந்த அதே நிறம். கண் வைத்தவர்களை எல்லாம் திட்டித் தீர்த்திருக்கிறாளே, பேச்சாயி! யாரும் கண் வைக்கவில்லை. தாய் ரத்தத்துச் சர்க்கரையில் கொழுத்துத்தான் அந்தப் பிள்ளைகள் செத்திருக்கின்றன. அது தெரியாமல், சுமக்கிற வயிறு இளைத்திருக்கக் கூடாதென்று பால், நெய், கருப்பட்டிப் புட்டு, தேங்காய்ப்பால் கஞ்சி என்று மகளுக்கு ஊட்டினவள் அவள். டால்டா உருண்டை பிடித்த அதே கையால்தான் அதையும் பிசைந்தாள்.

"இந்தப் பிள்ளையும் போயிருமாய்யா?"

"போகாமப் பாக்கணும். இனிப்பை அடியோட நிப்பாட்டு. சோத்தைக் குறை. மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டுத் தாரேன், தினம் ஊசி போடுவாங்க. மாசம் நிறையுறவரைக்கும் விடக் கூடாது. முன்னாடியே எடுத்துரணும்."

வீட்டில் போர் மூண்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வயிற்றைக் கட்டுகிற அம்மா உலகத்தில் உண்டா? சண்முகவள்ளி புட்டுக் கேட்டு அழுதாள். பேச்சாயி கருப்பட்டிப் பானையை ஜக்கம்மாள் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். வளைகாப்புக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடையாது என்றபோது ஒச்சப்பன் பட்டறையிலிருந்து வந்த கோலத்திலேயே குதித்தான்.

"எலிக்குப் பாக்குற வைத்தியத்தை எம் பொண்டாட்டிக்குப் பாக்குறியாக்கா? எலியோட இருந்து இருந்து ஒனக்குப் புத்தியும் எலிப் புத்தியாப் போச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக திங்கல? அதுக பெத்துப் போடல?"

"அதுக வேற ஒடம்புடா தம்பி."

"என்ன வேற? அதுகளுக்குக் கொம்பா மொளச்சிருக்கு?"

"நம்மாத்தா எப்படிச் செத்தான்னு மறந்துட்டியாடா? காலு அழுகி, ஈ மொய்க்க, நீதானடா விசிறிக்கிட்டு இருந்த!"

ஆனாலும் ஒச்சப்பன் நம்பவில்லை, ஊசிக்கு மகளைக் கூட்டிப்போகிற பேச்சாயியின் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். பேச்சாயிக்கும் முழு நம்பிக்கை இல்லை என்பதுதான் உண்மை. குறைத்துப் போட்ட ஒவ்வொரு கவளத்துக்கும், உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் பசிக்குமோ என்று பதறினாள். குறைக்காமல் போட்டால் அது கொழுத்துச் சாகுமோ என்றும் பதறினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம். அந்த மாசங்களில் அவள் தலைமயிர் முக்கால்வாசி நரைத்துவிட்டது.

மாசம் நிறைவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். வராந்தாவில் ஒச்சப்பன் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான். பேச்சாயி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தமில்லை. நர்சம்மாக்கள் ஓடினார்கள். அப்பவும் சத்தமில்லை. போச்சு, இதுவும் போச்சு என்று அவள் தரையில் குந்திய நேரத்தில், உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பலமான அழுகைகூட இல்லை. ஆனால் அழுகை! பேச்சாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெண் பிள்ளை. மெலிவு, சிவப்பு, உயிர்.

டாக்டர் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஜோடி சேர்க்கிற வேலையை மட்டும் வாங்கிக்கொண்டார். கறுப்பும் வெள்ளையும் கலந்து பிறந்த குட்டிகளை அவர் அழிக்கவில்லை, கிழக்குச் சுவரோரம் தனியே வைத்து அதே டால்டா உருண்டையைப் போடச் சொன்னார். அவை கறுப்பாகத்தான் இருந்தன. ஆனால் வடக்குச் சுவர்க்காரர்களைப் போல ஊதவுமில்லை, தெற்குச் சுவர்க்காரர்களைப் போலப் பொட்டுப் பொட்டென்று சாகவுமில்லை. தீனி போடும்போது பேச்சாயி அந்தப் பெட்டிகள் முன்னால் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நிற்பாள்.

பிள்ளை தேறி, மூன்றாம் மாசம் பேர் விட்டுத் தொட்டில் போட்டார்கள். வீடு கொள்ளாத சனம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து வெள்ளி அரைஞாண் கட்டவேண்டும். பிள்ளைக்குத் தாய்மாமன் யார்? பொன்னழகுதான். சுருட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, புதுவேட்டி கட்டி, வெட்கத்தில் நெளிந்தபடி உட்கார்ந்தான். மடியில் வைத்த மாத்திரத்தில் பிள்ளை அவன் வேட்டியை நனைத்தது.

"ஏலே பொன்னழகு! பொண்டாட்டி இப்பவே முத்திரை குத்திட்டாடா!" என்று ஜக்கம்மாள் கத்த, வீடே சிரித்தது.

எல்லாரையும்விடச் சந்தோஷமாகச் சிரித்தது ஒச்சப்பன். "அக்கா, நீ எனக்கு மகளக் குடுத்த. நான் ஒம் மகனுக்கு எம் மகளக் குடுக்குறேன். சபையறியச் சொல்றேன், இவ பொன்னழகுக்குத்தான்!"

பேச்சாயி சிரிக்கவில்லை. வேட்டியிலிருந்து தரையில் சொட்டிய ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு வருகிறதா? ஒன்றும் வரவில்லை. சுற்றும் முற்றும் சிரிப்புச் சத்தம். பொன்னழகு இளைத்த உடம்புக்காரன்தான், ஆனால் அவனும் அவள் வயிற்றில் பிறந்தவன். சிவனம்மாளின் பேரன். போய் மகன் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "இவளை அசல்லதான் குடுக்கணும்."

சிரிப்பு நின்றது. ஒச்சப்பன் முகம் செத்துப்போயிற்று. "என்னக்கா சொல்ற? எம் மக ஒம் மகனுக்கு ஆகமாட்டாளா? ஒறவையே அத்துவிடுறியா?"

"ஒறவு அப்படியே இருக்கட்டும்டா தம்பி. ஒன்னையும் நாந்தான் வளத்தேன், அவனையும் நாந்தான் பெத்தேன். ஆனா இவ வேண்டாம். இவ அடுத்த கொடிக்குப் போகட்டும்."

தொட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த சண்முகவள்ளி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளின் முகம்தான் அது.

"அப்ப என்னைய மட்டும் ஏம்மா குடுத்த?" என்று கேட்டாள்.

பேச்சாயி பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மகள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியலையே ஆத்தா" என்றாள். "எனக்கு அப்பத் தெரியலையே."